இருக்கையும் திரையும்: இணையவழி வகுப்பு பற்றிய ஒரு திறனாய்வு

கல்வி உலகில் புதிய கருவியொன்று நுழையும்போதெல்லாம் அதனை வரவேற்போரும் வெறுப்போரும் இரு அணிகளாய்ப் பிரிந்து நிற்பது வழக்கம். இணையவழி வகுப்பு நம்மிடையே பரவியபோதும் இதுவே நிகழ்ந்தது. வரவேற்போர் அதன் நன்மைகளை அடுக்கினர். வெறுப்போர் அதன் தீமைகளை அடுக்கினர். இரு பட்டியல்களிலும் உண்மை உண்டு. ஆயினும் பட்டியல் திறனாய்வு ஆகிவிடாது. எந்த அளவுகோலைக் கொண்டு அளக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிய பின்னரே எதனையும் எடையிட முடியும்.

இக்கட்டுரையில் நாம் கைக்கொள்ளும் அளவுகோல் எளியது. கற்பவர் ஒருவர் ஒருநாள் வராது போனால், அவர் வரவில்லை என்பதை அறிபவர் யார்? அறிந்து, தேடிச் செல்பவர் யார்? பாடம் நன்றாய் நடத்தப்பட்டதா என்னும் வினாவைவிட இவ்வினா அடிப்படையானது என்பது நம் துணிபு. ஏனெனில், பாடம் எத்துணைச் சிறந்ததாயினும் வராதவருக்கு அது பயன்படுவதில்லை. மேலும், நம் நாட்டில் முதல் தலைமுறையாகக் கல்வி பெறும் பிள்ளைகளே வராது போகும் ஆபத்துக்கு மிகுதியாய் உட்பட்டவர்கள்.

இந்த ஆய்வைச் செட்டிநாட்டிலிருந்து தொடங்குகிறோம். தொலைவைக் கையாளும் கலையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தேர்ச்சி பெற்றிருந்த மக்களின் மண் அது. எதனைத் தொலைவிலிருந்து செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்று அவர்கள் வகுத்துக்கொண்ட முறை நமக்கு வழி காட்டும்.

1. தொலைவை அறிந்த மண்

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் இளையாத்தங்குடி. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தம்மை ஒன்பது கோயில்களைச் சார்ந்தவர்களாய்ப் பகுத்துக்கொள்வர். அவற்றுள் ஒன்று இவ்வூர்க் கைலாசநாதர், நித்தியகல்யாணி கோயில். ஏழு உட்பிரிவினர் இக்கோயிலுக்குரியோர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இச்சமூகத்தார் இலங்கை, பர்மா, மலேயா முதலிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்தினர். 'கொண்டுவிற்கப் போதல்' என்பது இதற்கு அவர்கள் இட்ட பெயர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடை இரங்கூனில் இருக்கும். பணம் உண்டியல் வழியே கடல் கடந்தது. கணக்கும் கட்டளையும் கடிதத்தில் சென்றன. தொலைவு அவர்களுக்குத் தடையாகவே இல்லை.

ஆயினும் அவர்கள் கடிதத்தை நம்பி விடாத காரியங்களும் இருந்தன. திருமணம் அவற்றுள் ஒன்று. மணமகன், மணமகள் இருவருடைய கோயில்களிலிருந்தும் மாலை வருவது மரபு. எந்நாட்டில் பொருள் ஈட்டினும் இன்னாருடைய பிள்ளை இன்னார் என்று அறிந்தோர் முன்னிலையிலேயே இல்லறம் தொடங்கியது.

மற்றொன்று தொழிற்பயிற்சி. கணக்கும் கடிதமும் எழுத வல்ல முதலாளி, வட்டி கணக்கிடும் முறையைப் பையனுக்குக் கடிதத்திலேயே எழுதி அனுப்பியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. பையன் கடைக்கே அனுப்பப்பட்டான். பெட்டியடிப் பையனாய்ப் பெரியவர் அருகில் அமர்ந்தான். ஏவிய வேலையைச் செய்தான். பின்னர் அடுத்தாள் ஆனான். நெடுங்காலம் சென்று மேலாள் ஆனான். எவனுக்குக் கடன் கொடுக்கலாம், எவனுக்குக் கொடுக்கலாகாது என்பதை அவன் எந்த ஏட்டிலும் படிக்கவில்லை. பெரியவர் ஒருவரை மறுத்தபோது அவருடைய முகத்தைப் பார்த்துக் கற்றான். அவன் தவறியபோது, தவறியதை அன்றே கண்ட கண்கள் அருகில் இருந்தன. தகவலுக்கும் பணத்துக்கும் தொலைவு பொருந்தும். ஆளை உருவாக்குதற்கு அருகிருத்தல் வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டில் நாம் காணும் பாகுபாடு.

இளையாத்தங்குடியே இதற்கு இன்னுமொரு சான்று தருகிறது. காஞ்சி காமகோடி பீடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகளின் முயற்சியால் 1962-ஆம் ஆண்டு வியாச பாரத ஆகம சில்ப சதஸ் இவ்வூரில் கூட்டப்பெற்றது. ஆகமம், சிற்பம் முதலிய துறைகளில் வல்லவர்கள் இச்சிற்றூரை நாடி வந்தனர். அவர்கள் தத்தம் ஊரிலிருந்தே கட்டுரை எழுதி அஞ்சலில் அனுப்பியிருக்கலாம். எனினும் நூலறிந்தோரும் உளிபிடித்தோரும் ஒரே இடத்தில் அமர வேண்டும் என்று கருதப்பட்டது. நம் சமயம் வேறாயினும், இக்கூடுகையில் அடங்கிய கல்விக் கருத்து நமக்கும் உரியதே.

2. விரும்பி ஏற்ற இணையம்

இனி, இணையவழிக் கல்வியின் நன்மைகளைக் காண்போம். அவை உண்மையானவை, அவற்றைக் குறைத்துக் கூறுவது நேர்மையாகாது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி, உலகெங்கும் வாழும் தமிழருக்காக இணையவழியில் ஒரு கல்வி நிறுவனம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. 2001 பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. தமிழ் இணையக் கல்விக்கழகம் என்பது அதன் இன்றைய பெயர். மழலைக் கல்வியிலிருந்து பட்டப்படிப்பு வரை அது பாடங்கள் வகுத்தது. தமிழ்ப் பள்ளி இல்லாத நாட்டில் வாழும் குடும்பத்துக்கு இது பெருங்கொடை. செட்டிநாட்டிலிருந்து சென்றோரின் பேரப்பிள்ளைகள் அந்நிய மண்ணில் அகரம் எழுதவும் இது துணை செய்யும். அஞ்சலில் நூல் வந்து சேரும் வரை காத்திருந்த காலம் மறைந்தது.

காரைக்குடியிலும் இத்தகைய வளர்ச்சியைக் காண்கிறோம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-இல் அங்கே கல்லூரி தொடங்கினார். சுற்றுவட்டார இளைஞர் வந்து அமர்ந்து கற்கக் கட்டடங்களும் விடுதிகளும் எழுந்தன. அம்மரபின் வழியில் 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் தோன்றியது. 1992-இல் அது தொலைநிலைக் கல்வியையும் ஏற்றுக்கொண்டது. கல்லூரி வாயிலை மிதிக்க இயலாதவரை நோக்கிக் கல்லூரியே நடந்து செல்ல முற்பட்டதன் அடையாளம் அது. இணையம் அந்த நடையை விரைவாக்கிற்று.

இதனால் பயன் பெறுவோர் யாவர்? பகலெல்லாம் உழைத்து இரவில் படிப்பவர். கைக்குழந்தையை விட்டு வெளியே செல்ல இயலாத தாய். படிக்கட்டு ஏற இயலாத உடற்குறையுடையவர். பலர் முன்னிலையில் வினா எழுப்ப நாணுபவர். ஒருமுறை கேட்டுப் புரியாததை மும்முறை கேட்க விரும்புபவர். இவர்களுக்கு இணையவழி வகுப்பு விடுதலையாகவே அமைகிறது. மாநகரத்துப் பேராசிரியரின் விரிவுரையைச் சிற்றூர் மாணவர் செலவின்றிக் கேட்க முடிவதும் சிறிய நன்மையன்று. 2017-இல் நடுவண் அரசு தொடங்கிய சுவயம் என்னும் ஏற்பாட்டின் நோக்கமும் இதுவே.

ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். இவ்வாறு பயன் பெறுவோர் பெரும்பாலும் கற்கும் முறையை ஏற்கெனவே கற்றவர்கள். நூலைத் திறந்தால் மூடாதிருக்கும் பழக்கம் அவர்களிடம் உண்டு. அவர்கள் இவ்வழியை விரும்பித் தேர்ந்தவர்கள். குழந்தைக்குரிய பாடமாயின், அருகில் அமர்ந்து கற்பிக்கும் பெற்றோர் இருக்கின்றனர். தமிழ் இணையக் கல்விக்கழகமும் பல நாடுகளில் தொடர்பு மையங்களை அமைக்கவே செய்தது. இணையமே போதும் என்று அது எண்ணவில்லை.

3. சுமத்தப்பட்ட இணையம்

2020 மார்ச்சுத் திங்களின் நடுவில் கொள்ளைநோயின் காரணமாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புப் பிள்ளைகளுக்கு அவை 2021 நவம்பர் 1 அன்றே மீண்டும் திறந்தன. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தில் விரும்பித் தேரும் கருவியாயிருந்த இணையம் வேறு வழியற்ற கட்டளையாயிற்று.

அரசு செயலற்று இருக்கவில்லை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. கல்லூரி மாணவர் ஏறத்தாழ 9.69 இலட்சம் பேருக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி இணையத் தரவு இலவசமாய் வழங்க ஏற்பாடாயிற்று. ஆசிரியர் பலர் தம் கைப்பேசியில் பாடம் எடுக்கத் தாமே கற்றுக்கொண்டனர். இம்முயற்சிகளை இகழ்வது நம் நோக்கமன்று.

ஆயினும் நிலம் சமமாய் இருக்கவில்லை. நோய்க்கு முன், 2017-18-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் நகர்ப்புறக் குடும்பங்களில் நூற்றுக்கு 42 இணைய வசதி பெற்றிருந்தன. ஊர்ப்புறத்தில் ஏறத்தாழ 15 மட்டுமே. கணிப்பொறி உடைய ஊர்ப்புறக் குடும்பம் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. ஒரு வீட்டில் கைப்பேசி ஒன்று, பிள்ளைகள் மூவர் எனின், அதனைத் தந்தை வேலைக்கு எடுத்துச் செல்வார் எனின், அங்கே வகுப்பு எது? எல்லாருக்கும் திறந்திருப்பதாய்த் தோன்றிய வாயில், கருவி உடையவருக்கே திறந்தது.

கருவிக்குறையைப் பணத்தால் நீக்கலாம் என்பர். நீக்கலாம், நீக்கவும் வேண்டும். ஆனால் கருவி இருந்தபோதும் எஞ்சிய குறை ஒன்று உண்டு. 2020 ஜூலையில் நடுவண் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், ஒன்று முதல் எட்டு வரை பயில்வோருக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு வகுப்புகளே தக்கவை என்றது. பிள்ளைகளின் கண்ணையும் மனத்தையும் எண்ணிச் சொல்லப்பட்ட நல்லறிவுரை இது. ஆனால் அது மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்துகிறது. பள்ளியில் நாள் முழுதும் இருந்த பிள்ளை திரையின் முன் மிகுதியாய்ப் போனால் ஒன்றரை மணி நேரமே இருக்கலாம். எஞ்சிய நேரம் என்னவாயிற்று? அந்நேரத்தில்தான் பிள்ளை விளையாடியது, சண்டையிட்டது, சமாதானமானது, உடன் பயில்வோரைப் பார்த்து எழுதக் கற்றது, உண்டது. 1956-இல் காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் விரிந்து, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாய் வளர்ந்த நண்பகல் உணவு, பிள்ளைகளை ஒரே வரிசையில் அமர்த்திற்று. பள்ளி மூடிய காலத்தில் அரிசியும் பருப்பும் வீட்டுக்கு வழங்கப்பட்டன. அது நன்று. எனினும் வரிசையை வழங்க முடியவில்லை.

நம் அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். வகுப்பறையில் ஓர் இருக்கை வெறுமையாயின், ஆசிரியர் அதனைக் காண்பார். மூன்றாம் நாள் அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கேட்பார். அப்பிள்ளை கூலிவேலைக்கு அனுப்பப்பட்டதா, பெண்பிள்ளையாயின் திருமணத்துக்கு நிச்சயிக்கப்பட்டதா என்பது அவ்வாறுதான் வெளியே தெரியும். திரையிலோ பெயர் மட்டும் ஒளிரும்; பெயரின் பின் ஆள் உண்டா என்று அறிய வழியில்லை. தொலைக்காட்சிப் பாடத்தில் பெயரும் இல்லை. பாடம் கேட்கப்பட்டதா, கேட்கப்படாமல் காற்றில் கரைந்ததா என்பது எவருக்கும் தெரியாது.

இக்குறையை அரசே உணர்ந்தது என்பதற்குச் சான்று, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்ற இல்லம் தேடிக் கல்வித் திட்டம். ஒன்று முதல் எட்டு வரை பயிலும் பிள்ளைகளை மாலை வேளையில் தெருவிலும் பொதுவிடத்திலும் கூட்டி, தன்னார்வலர் கற்பித்தனர். திரையால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய அரசு அனுப்பியது ஆட்களை. தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்களான கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ ஆகியோர், பள்ளி மூடலால் கற்றலில் பேரிழப்பு நேர்ந்ததையும், பள்ளி திறந்த ஆறு திங்களுக்குள் அவ்விழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மீட்கப்பட்டதையும் கண்டனர். அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இல்லம் தேடிக் கல்விக்கு உரியதாக்கினர். ஒன்றரை ஆண்டில் திரை காத்துத்தர இயலாததை, அரையாண்டில் நேர்முக வகுப்பு பெருமளவு மீட்டுத் தந்தது. இதனினும் தெளிவான திறனாய்வை எந்த எழுத்தாளரும் எழுத முடியாது.

4. வகுப்பறையும் குற்றமற்றதன்று

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அதற்குச் செவிசாய்ப்பது நம் கடமை. வகுப்பறையைப் புகழ்வோர் அங்கே நிகழும் கொடுமைகளை மறந்துவிடுகின்றனர் என்பதே அம்மறுப்பு. எந்தப் பிள்ளை முன்வரிசையில் அமர்கிறது, எது பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறது? எந்தப் பிள்ளையின் கையில் துடைப்பம் கொடுக்கப்படுகிறது? சாதி வகுப்பறையின் வாசலில் செருப்பைப் போலக் கழற்றி வைக்கப்படுவதில்லை. நாள்தோறும் இழிவுக்குள்ளாகும் பிள்ளைக்குத் திரை ஒரு புகலிடமாய்த் தோன்றலாம். அங்கே எவரும் தள்ளி அமரச் சொல்வதில்லை. மேலும், வகுப்பில் இருந்தும் ஆசிரியர் கண்ணில் ஒருநாளும் படாத பிள்ளைகள் உண்டு.

இம்மறுப்பு உண்மையானது. ஆயினும் இதிலிருந்து பெறப்படும் முடிவு திரையன்று. தீண்டாமை உள்ள இடத்தில் பந்தியையே நிறுத்திவிடுவது சமபந்தி ஆகாது. இழிவு நிகழாதது, ஒருவரை ஒருவர் காணாததால் மட்டுமே எனின், அதனைச் சமத்துவம் என்று அழைத்தல் தவறு. பிரிந்து அமர்த்தப்பட்டோரைச் சேர்த்து அமர்த்தும் பணி வகுப்பறையில்தான் செய்யப்பட முடியும். காணாத ஆசிரியரைக் காணச் செய்வதும் அங்கேதான் முடியும். குற்றமுள்ள கூடுகையைத் திருத்தலாம். இல்லாத கூடுகையைத் திருத்த இயலாது.

5. இறையியற் கல்விக்கு ஒரு சொல்

இவ்வினா பள்ளிகளோடு நில்லாமல், இறையியற் கல்லூரிகளையும் தொடுகிறது. விடுதிக் கல்வி செலவு மிக்கது, இணையவழியோ மலிவானது. சேகரப் பணியை விட்டுவர இயலாத ஆயருக்கும், இல்லறக் கடமையில் உள்ள பெண்களுக்கும் இணைய வகுப்பு இறையியலின் கதவைத் திறக்கிறது. இது வரவேற்கத் தக்கது.

தொலைவிலிருந்து கற்பித்தல் திருச்சபைக்குப் புதிதன்று. பவுலின் நிருபங்கள் அதற்குச் சான்று. ஆனால் அந்நிருபங்கள் தாமாய்ச் சென்று சேரவில்லை. பெபேயாளும் தீகிக்கும் போன்றோரை அவர் திருச்சபைகளிடம் அனுப்பினார். தம்முடைய செய்திகளை அறிவிக்கவும் கேட்போரைத் தேற்றவும் தீகிக்குவை அனுப்புவதாகக் கொலோசெயருக்கு எழுதினார். யோவானின் இரண்டாம், மூன்றாம் நிருபங்கள் இரண்டும், மையினாலும் எழுதுகோலினாலும் சொல்லி முடியாததை முகமுகமாய்ப் பேச வேண்டும் என்னும் ஏக்கத்தோடு முடிகின்றன. தொலைவைப் பயன்படுத்தியவர்களே அதன் எல்லையையும் அறிந்திருந்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் இதே அறிவு வேறொரு வடிவம் பெற்றது. 1963-இல் குவாத்தமாலா நாட்டுப் பிரெஸ்பிட்டேரியன் இறையியற் கல்லூரி விரிவாக்க இறையியற் கல்வியைத் தொடங்கியது. கல்லூரிக்கு வர இயலாத சபைத் தலைவர்கள் தம் ஊரிலேயே பாடநூலைப் பயின்றனர்; குறித்த நாளில் ஆசிரியரோடு கூடி அமர்ந்து கலந்துரையாடினர்; கற்றதைத் தம் சபைப்பணியில் செய்து பார்த்தனர். இந்தியாவில் 1971-இல் தொடங்கிய டாஃப்டீ அமைப்பும் இவ்வழியில் சென்றது. நூல், கூடுகை, பணி என்னும் மூன்றும் பின்னப்பட்ட முறை இது. இணையம் இம்மூன்றனுள் நூலின் இடத்தை எளிதில் நிரப்பும். நூலைவிடச் சிறப்பாகவும் நிரப்பக்கூடும். கூடுகையின் இடத்தையும் அதற்கே கொடுத்துவிட்டால், எஞ்சுவது கல்வியின் மூன்றிலொரு பங்கே.

6. நம் தீர்ப்பு

இதுவரை கண்டவற்றால் நாம் அடையும் முடிவு இது: கற்கும் பழக்கம் கைவந்தவருக்கு, அவர் தாமே விரும்பித் தேரும்போது, இணையவழி வகுப்பு சிறந்த கருவி. அப்பழக்கம் இனிமேல்தான் உருவாக வேண்டிய பிள்ளைக்கு, அது துணைக்கருவியாகலாமே அன்றி, பள்ளிக்கு மாற்றாகாது. கருவி ஒன்றே, கற்பவரைப் பொறுத்து அதுவே நன்மையும் ஆகும், தீமையும் ஆகும்.

இன்று இத்தீர்ப்பு மிகவும் தேவைப்படுகிறது. கொள்ளைநோய்க் காலத்தில் வேறு வழியின்றி ஏற்றதை, செலவு குறைகிறது என்னும் காரணத்தால் நிலையாக்கும் ஆசை கல்வி நிறுவனங்களுக்கு எழக்கூடும். ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் நூற்றுக்கு 40 வரை சுவயம் வழியே பயில இடமளிக்கும் விதியைப் பல்கலைக்கழக மானியக்குழு 2021-இல் வகுத்தது. நல்ல ஆசிரியர் இல்லாத சிறு கல்லூரிக்கு இது உதவியாகலாம். ஆசிரியரை அமர்த்தாமலே இருப்பதற்கு இது சாக்காகவும் ஆகலாம். இரண்டனுள் எது நிகழ்கிறது என்பதை நாம் விழிப்போடு நோக்க வேண்டும். மூன்று வினாக்கள் இதற்குப் போதும். இம்மாணவர் இவ்வழியைத் தாமே தேர்ந்தாரா, அல்லது வேறு வழி அடைக்கப்பட்டதா? குறித்த நாளில் அவர் நேரில் கூடி அமரும் இடம் ஒன்று அருகில் உண்டா? அவர் வராதபோது, பெயர் சொல்லித் தேடி வருபவர் ஒருவர் உண்டா?

திருச்சபைகளுக்கு இங்கே செய்தற்குரிய பணி உண்டு. வார நாள்களில் பூட்டிக் கிடக்கும் ஆலயக் கூடங்கள் பல. அவற்றை மாலையில் திறந்து, சமய வேறுபாடின்றி அவ்வூர்ப் பிள்ளைகளை விளக்கின்கீழ் ஒன்றாய் அமரச் செய்யலாம். திரையில் கேட்ட பாடத்தை அங்கே பேசிப் புரிந்துகொள்ளச் செய்யலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. பிள்ளைகளின் பெயரை அறிந்த ஒருவர் வேண்டும். தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிய மேய்ப்பனின் உவமையை ஆண்டுதோறும் பிரசங்கிக்கும் நாம், நம் தெருவில் பள்ளிக்கு வராது போன அந்த ஒரு பிள்ளை யார் என்று அறிந்திருக்கிறோமா? அதனை அறிவதிலிருந்தே நம் கல்விப்பணி தொடங்க வேண்டும்.